நாசிக் ஒயின் தோட்டங்களுக்குக் கீழே: பாறை, மண், தண்ணீர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மகாராஷ்டிரத்தின் நாசிக் பக்கம் ஒயின் தோட்டங்களைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களிடம் வழிகாட்டி சொல்லும் முதல் வாக்கியம் பெரும்பாலும் "இது எரிமலை மண்" என்பதுதான். பொய்யில்லை. ஆனால் அதோடு பேச்சு நின்றுவிடும்; கேட்டவர் மனத்தில் கேள்விகள் கிளம்புவது அதற்குப் பிறகுதான். அப்படி என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளைக் கீழே தொகுத்திருக்கிறேன். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பாறையின் பெயரைவிட, அங்கே விழும் தண்ணீர் எத்தனை நாள் மண்ணில் தங்குகிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பதில்களும் அந்தப் பக்கமே சாயும்.

நாசிக்குக் கீழே இருப்பது என்ன பாறை?

பசால்ட். கையில் எடுத்தால் கனம் தெரியும். உடைத்தால் உள்ளே கருஞ்சாம்பல் நிறம். மணிகள் கண்ணுக்குப் பிடிபடாத அளவு நுண்ணியவை. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்திய நிலப்பகுதி ஆசியாவோடு இன்னும் முட்டாமல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்தபோது, தரையில் விழுந்த நீண்ட பிளவுகள் வழியாகப் பாறைக் குழம்பு வழிந்து பரவியது. கூம்பு மலை, உச்சியில் புகை என்று நாம் படத்தில் பார்க்கும் எரிமலையை மறந்துவிடுங்கள். இது பால் பொங்கிப் பாத்திர விளிம்பைத் தாண்டி வழிவதைப் போன்றது. ஒரு படலம் பரவி ஆறி இறுகும். அதன் மேல் அடுத்தது. இன்று மிஞ்சியிருக்கும் பரப்பு மட்டுமே ஏறக்குறைய 5 லட்சம் சதுர கிலோமீட்டர்.

மும்பையிலிருந்து கசாரா மலைப்பாதை ஏறி இகத்புரி வழியாக நாசிக் போகும்போது வண்டிக்குள்ளிருந்தே இதைப் பார்க்கலாம். மலைகளின் பக்கவாட்டில் படிக்கட்டு வெட்டியதைப் போல ஒரு செங்குத்து, பிறகு ஒரு சரிவு, மறுபடி செங்குத்து என்று போகும். இந்தப் பாறைக்குப் புவியியலாளர்கள் 'டிராப்' என்று பெயர் வைத்ததே படிக்கட்டைக் குறிக்கும் ஸ்வீடிஷ் சொல்லிலிருந்துதான். மகாராஷ்டிரத்தின் மிக உயரமான சிகரமான கல்சுபாய் (1646 மீட்டர்) நாசிக் மாவட்ட எல்லையில் நிற்கிறது. சுற்றுவட்டாரத்தின் கீழ் அடுக்குகளுக்கு அந்தச் சிகரத்தின் பெயரையே இட்டிருக்கிறார்கள். அதற்குள் ஜவ்ஹர், இகத்புரி, நேரல், தாகுர்வாடி, பீமாசங்கர் என்று உட்பிரிவுகள் உண்டு.

படிக்கட்டு போல் தெரிவது ஏன்? எல்லாம் ஒரே குழம்புதானே?

ஒவ்வொரு படலமும் உள்ளுக்குள் ஒரே மாதிரி இல்லை. குழம்பு ஆறும்போது உள்ளே அடைபட்ட வாயு மேலே ஏறும். அதனால் படலத்தின் மேற்பகுதி தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக உறைந்துபோகும். நடுப்பகுதி கெட்டி. ஓட்டை நிறைந்த பகுதி சீக்கிரம் சிதையும், அது சரிவாகும். கெட்டியான நடுப்பகுதி செங்குத்தாக நிற்கும். ஒரு படலத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சில இடங்களில் செங்கல் நிறத்தில் ஒரு களிப்பட்டை தெரியும். இரண்டு பொங்குதல்களுக்கு நடுவே கிடைத்த இடைவெளியில் சிதைந்த மேற்பரப்பு, அடுத்த குழம்பின் சூட்டில் வெந்துபோனது அது.

இந்த அமைப்பு தோட்டக்காரருக்கு எங்கே முக்கியம் என்றால், கிணற்றில். கெட்டிப் பகுதியில் விரிசல் இருந்தால் ஒழியத் தண்ணீர் ஊறி வராது. ஓட்டைப் பகுதியிலும் இரண்டு படலம் சேரும் இடத்திலும்தான் ஊற்று. பக்கத்துத் தோட்டத்தில் 200 அடியில் தண்ணீர், நமக்கு வெறும் தூசி என்ற புலம்பலுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் இந்த அடுக்குக் கணக்குதான்.

பாறை ஒன்றே என்றால் எல்லாத் தோட்டத்து மண்ணும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்?

இல்லை. இங்குதான் விஷயமே இருக்கிறது.

திண்டோரி வட்டத்தில் ஒரு மெல்லிய சரிவில், நடவுக்கு முன்பு வெட்டிப் போட்டிருந்த சோதனைக் குழி ஒன்றுக்குள் இறங்கிப் பார்த்தேன். இடுப்பளவு ஆழம். மேலே ஒரு சாண் உயரத்துக்குக் கரும்பழுப்பு மண், விரலில் எடுத்து நெரித்தால் உதிர்ந்தது. அதற்குக் கீழே நிறம் மாறி மஞ்சளும் சாம்பலுமாக, பாதி கல் பாதி மண் என்று ஒரு அடுக்கு. அதில் உருண்டை உருண்டையாகக் கற்கள். நகத்தால் கீறினால் வெங்காயச் சருகு போலத் தகடு தகடாக உரிந்தன; நாலைந்து தகடு உரித்த பிறகு உள்ளே சிதையாத கருங்கல். அந்தத் தகடுகளுக்கு நடுவே பழைய புதரின் வேர் ஒன்று நூல் மாதிரி நெளிந்து கீழே போயிருந்தது. குழியின் அடியில் கடப்பாரையைப் போட்டால் 'டங்' என்றது.

நடுவில் இருந்த அந்த அடுக்குக்கு மராத்தியில் 'முரூம்' என்று பெயர். பருக்கைக் கல் நிறைந்த மேட்டு நிலத்துக்கு நம் பழைய சொல்லான 'முரம்பு' ஒலியில் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது பாருங்கள். சிதைந்தும் சிதையாத பசால்ட்தான் முரூம். தண்ணீர் அதற்குள் இறங்கும், தேங்காது.

அதே சரிவின் அடிவாரத்துக்கு நடந்து போனால் வேறு உலகம். மேலிருந்து ஆண்டாண்டாக அரித்து வந்த நுண்மண் முழுக்க அங்கே படிந்து ஒன்றரை மீட்டர், இரண்டு மீட்டர் ஆழத்துக்குக் கரிசல். சித்திரை வெயிலில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். கோதாவரியும் காத்வாவும் ஓடும் நிபாட் வட்டாரம் பெரும்பாலும் இப்படித்தான். பாறை மாறவில்லை. மேட்டில் நிற்கிறோமா பள்ளத்தில் நிற்கிறோமா என்பது மட்டுமே மாறியது, மண் தலைகீழாகிவிட்டது.

மழை அளவு மண்ணை மாற்றுமா?

மாற்றும், அதுவும் கண்கூடாக. மேற்கே மலை விளிம்பில் இருக்கும் இகத்புரியில் ஆண்டு மழை 3000 மில்லிமீட்டரைத் தாண்டும். அங்கிருந்து சுமார் 45 கிலோமீட்டர் வடகிழக்கே உள்ள நாசிக் நகரில் 700-ஐ ஒட்டி வந்துவிடுகிறது. இன்னும் கிழக்கே யேவலா பக்கம் அதைவிடக் குறைவு. மேற்கில் கொட்டும் மழை பசால்ட்டில் இருக்கும் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கழுவிக்கொண்டு போய்விடும். இரும்பு மட்டும் பின்தங்கும். அதனால் அங்கே செம்பழுப்பு மண், நெல் வயல். கிழக்கில் கழுவ ஆள் இல்லை. கால்சியம் மண்ணிலேயே தங்கிவிடுகிறது, கரிசல் உருவாகிறது. ஒயின் தோட்டங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட பகுதியில் இருக்கின்றன.

கரிசல் வளமான மண். வளம் அதிகம் என்றால் திராட்சைக்கு நல்லதுதானே?

சாப்பிடும் திராட்சைக்கு ஓரளவு ஆம். ஒயின் திராட்சைக்கு அது தலைவலி.

கரிசலில் பாதிக்கு மேல் களித்துகள் இருப்பது சகஜம். அந்தக் களி ஸ்மெக்டைட் வகையைச் சேர்ந்தது. ஒவ்வொரு துகளும் சீட்டுக்கட்டு மாதிரி மெல்லிய தகடுகளின் அடுக்கு. தண்ணீர் பட்டால் தகடுகளுக்கு இடையே புகுந்து விரிக்கும், காய்ந்தால் தகடுகள் நெருங்கி மண் சுருங்கும். வெடிப்பு விழுவது அதனால்தான். ஒரு கிராம் ஸ்மெக்டைட்டின் தகடுகளையெல்லாம் பிரித்து விரித்தால் 700 சதுர மீட்டருக்கு மேல் வரும். அவ்வளவு பரப்பிலும் தண்ணீரும் சத்தும் ஒட்டிக்கொள்ளும். ஒரு மீட்டர் ஆழக் கரிசல், செடி உறிஞ்சக்கூடிய நீராக மட்டும் 150 மில்லிமீட்டருக்கு மேல் பிடித்து வைக்கும்.

இதை நாசிக்கின் பருவத்தோடு சேர்த்துப் பாருங்கள். மழை செப்டம்பர் இறுதி, அக்டோபர் தொடக்கத்தில் ஓயும். அதை ஒட்டித்தான் காய்ப்புக்காகக் கொடியை வெட்டிவிடும் கவாத்து. டிசம்பர், ஜனவரியில் காய் நிறம் மாறும். ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடை. காய் நிறம் மாறும் நேரத்தில் கொடி கொஞ்சம் தாகத்தோடு இருக்க வேண்டும். அப்போதுதான் அது புதுத் தளிர் விடுவதை நிறுத்திவிட்டுப் பழத்தைக் கவனிக்கும். பழமும் சிறியதாக நிற்கும். சிறிய பழத்தில் சாற்றை ஒப்பிடத் தோல் அதிகம். சிவப்பு ஒயினின் நிறமும் துவர்ப்பும் தோலில்தான் இருக்கின்றன. ஆழக் கரிசலில் என்ன நடக்கும்? மழை நின்று மூன்று மாதம் ஆன பிறகும் அடிமண் நீரைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். கொடி இலை விட்டுக்கொண்டே இருக்கும். பழம் உப்பும். சொட்டுநீரை நிறுத்தினாலும் பயனில்லை, ஏனென்றால் குழாய் விவசாயி கையில் இல்லை, மண்ணின் கையில் இருக்கிறது.

முரூம் நிலத்தில் குழாய் நம் கையில். திறந்தால் கொடி குடிக்கும், மூடினால் சில நாட்களில் தாகம் தெரியும். 'மோசமான நிலம்' என்று தள்ளிவிடப்பட்ட சரிவுகள் ஒயினுக்கு நல்ல நிலமாகக் கருதப்படும் காரணம் இவ்வளவுதான்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கொடி பொட்டாசியத்தை அளவுக்கு மீறி உறிஞ்சினால் சாற்றின் புளிப்பு தணியும். வெப்பமான ஊரில் பழுக்கும் பழத்தில் புளிப்பு ஏற்கெனவே குறைவு. வேகமாக வளரும் கொடியில் இந்தத் தொல்லை இன்னும் கூடும்.

கரிசலின் கருப்பு, மட்கு நிறைய இருப்பதால் வருவதா?

அப்படித்தான் தோன்றும், ஆனால் இல்லை. இந்த மண்ணில் கரிமப்பொருள் பெரும்பாலும் சொற்பமே. இருக்கும் கொஞ்ச மட்கும் களித்துகளோடு இறுகப் பிணைந்து மண்ணுக்குக் கருமை பூசுகிறது. டைட்டானியம் கலந்த இரும்புக் கனிமமும் சேர்ந்துகொள்கிறது. கருப்பைப் பார்த்துத் தொழுவுரத்தைக் குறைத்தால் ஏமாந்துபோவீர்கள்.

இன்னொரு தவறான எண்ணமும் பரவலாக உண்டு: கரிசல் இருந்தால் கீழே பசால்ட் இருக்கும் என்பது. தமிழ்நாட்டின் கரிசல் காடுகளுக்குக் கீழே இருப்பது நைஸ் வகைப் பழம்பாறை. கால்சியம் நிறைந்த பாறையும், கழுவிப்போகாத அளவு குறைந்த மழையும் சேர்ந்தால் கரிசல் வரும். எரிமலைதான் வேண்டும் என்றில்லை.

மண் பரிசோதனையில் 'சுண்ணாம்பு அதிகம்' என்று வருகிறது. எரிமலைப் பாறையில் சுண்ணாம்பு எப்படி?

பசால்ட்டில் உள்ள கனிமங்கள் சிதையும்போது கால்சியம் வெளிவரும். மழை குறைந்த இடத்தில் அது ஓடிப்போகாமல் மண்ணிலிருக்கும் கரியமில வாயுவோடு சேர்ந்து சுண்ணாம்பாகப் படியும். குழி வெட்டினால் கரிசலுக்கு அடியில் வெள்ளை வெள்ளையாக, பட்டாணி அளவு முதல் எலுமிச்சை அளவு வரை முண்டுகள் கிடைக்குமே, நாம் சுக்கான் கல் என்போம், அதுதான். நீர்த்த அமிலத்தை ஒரு சொட்டு விட்டால் நுரைக்கும்.

கொடிக்கு இதனால் வரும் தொல்லை வேடிக்கையானது. பசால்ட்டில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இரும்பு ஆக்சைடு. அதன் மேல் வளரும் கொடியின் இளந்தளிர் இரும்புச் சத்து இல்லாமல் மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். சுண்ணாம்பு மிகுந்து மண்ணின் பிஹெச் (அமில-கார அளவு) 8-ஐத் தொட்டால் இரும்பு கரையாது. கரையாததை வேரால் எடுக்க முடியாது. கடலுக்கு நடுவே நின்று தாகத்தில் தவிப்பது மாதிரி. இரும்பு உரத்தை மண்ணில் கொட்டுவதால் காசுதான் வீண், அதுவும் கரையாமல் போய்விடும். இலைவழித் தெளிப்பு உடனடி நிவாரணம். கந்தகம் இட்டால் அது மெல்ல அமிலமாகிச் சுண்ணாம்பைக் கரைக்கும்; பொறுமை வேண்டும்.

உப்பு நீர்ப் பிரச்சினை உண்டா?

உண்டு, கிழக்கே போகப் போக அதிகம். ஆழ்துளைக் கிணற்று நீரில் சோடியம் இருந்து, அதையே சொட்டுநீராக ஆண்டுக்கணக்கில் விட்டால், களித்தகடுகளில் கால்சியம் உட்கார்ந்திருந்த இடத்தைச் சோடியம் பிடித்துக்கொள்ளும். அப்புறம் அந்த மண் ஈரத்தில் சேறாகவும் காய்ந்தால் ஓடாகவும் இருக்கும். தண்ணீர் உள்ளே இறங்காது. மராத்தி விவசாயிகள் இதைச் 'சோபண்' நிலம் என்பார்கள். நம் களர் நிலத்தின் உறவு. சுண்ணாம்பு இல்லாத நிலத்துக்கு ஜிப்சம் மருந்து; சுண்ணாம்பு நிலத்துக்குக் கந்தகம். இரண்டிலுமே, விடுபட்ட சோடியத்தைக் கழுவி வெளியேற்ற நல்ல மழையோ நல்ல நீரோ வடிகாலோ இல்லாவிட்டால் வைத்தியம் பலிக்காது.

ஐரோப்பாவில் வேர்ச்செடி வந்தது பூச்சிக்காக. இங்கே எதற்கு?

ஐரோப்பாவில் ஃபில்லாக்செரா என்னும் வேர்ப்பேன் 19-ஆம் நூற்றாண்டில் தோட்டங்களை அழித்ததால், அமெரிக்கக் காட்டுத் திராட்சையின் வேர்மேல் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டத் தொடங்கினார்கள்; அடியில் நிற்கும் அந்தச் செடிதான் வேர்ச்செடி. மகாராஷ்டிரத்தில் காரணம் வேறு: வறட்சியும் உப்பும். டெக்சாஸ் சுண்ணாம்புப் பூமியில் வளர்ந்த காட்டுத் திராட்சையிலிருந்து வந்த 'டாக்ரிட்ஜ்' வேர்ச்செடி 1990-களில் இங்கே பரவலானது. உப்பையும் வறட்சியையும் தாங்கும். ஆனால் ஒரு முரட்டு வளர்ச்சிக்காரன். ஆழக் கரிசலில் டாக்ரிட்ஜ் வைத்தால் மேலே சொன்ன இலைக்காடு தொல்லை இரட்டிப்பாகும். ஒயின் தோட்டங்களில் 110 ரிக்டர், 1103 பால்சன், 140 ருஜெரி போன்றவற்றையும் நடுகிறார்கள். 110 ரிக்டர் வறட்சிக்கு, 1103 பால்சன் உப்புக்கு, 140 ருஜெரி சுண்ணாம்புக்கு என்று ஒரு தோராயக் கணக்கு சொல்வார்கள். புனே அருகே மஞ்சரியில் 1997-இல் தொடங்கிய தேசியத் திராட்சை ஆராய்ச்சி மையம் இந்த விஷயத்தில் தொடர்ந்து ஆய்வு செய்துவருகிறது.

எந்த வேர்ச்செடி என்று கேட்பதற்கு முன் எந்தக் குழி என்று கேட்க வேண்டும். பலர் நாற்றை வாங்கிய பிறகுதான் மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள்.

ஒயினில் பாறையின் ருசி தெரியுமா?

தெரியாது. இதைச் சொல்லும்போது சிலருக்கு முகம் வாடிவிடும், என்ன செய்வது. பாறைக்குச் சுவையே இல்லை. கல்லை நக்கிப் பார்த்தால் நாக்கில் படுவது ஈரமும் தூசியும். வேர் எடுத்துக்கொள்வது கரைந்த அயனிகளை: பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம், இன்னும் சில. எந்தப் பாறையில் வளர்ந்தாலும் கொடி இதே பட்டியலைத்தான் தேடும். ஒயினில் அவை வந்து சேரும் அளவும், தனிச் சுவையாக நாக்கில் பதிய முடியாத அளவு. 'கல் வாசனை', 'தீக்கல் வாசனை' என்று சுவைப்பவர்கள் சொல்வது கற்பனை இல்லை, ஆனால் அது நொதித்தலில் உண்டாகும் சில கந்தகச் சேர்மங்களின் வேலை.

அப்படியானால் மண்ணுக்குப் பங்கே இல்லையா? பெரிய பங்கு உண்டு, நீர் வழியாக. பிரான்ஸின் போர்தோவில் ழெரார் செகன் என்ற ஆய்வாளர் மெடாக் வட்டாரத் தோட்டங்களின் மண்ணைப் பல ஆண்டு ஆராய்ந்து சொன்னதும் இதையே: நல்ல ஒயின் தரும் மண்கள் வேதியியலில் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை, கொடிக்கு நீரை அளந்து கொடுப்பதில்தான் ஒத்துப்போகின்றன. அங்கே சரளைக்கல் செய்யும் வேலையை இங்கே முரூம் செய்கிறது.

'எரிமலை மண் ஒயின்' என்று லேபிளில் போடுவது சரியா?

புவியியல்படி தவறில்லை. ஆனால் அதைப் படிக்கிறவர் மனத்தில் இத்தாலியின் எட்னா எரிமலையும் கிரேக்கத்தின் சாந்தோரினித் தீவும் வந்து நின்றால் அது திசைதிருப்பல். எட்னாவில் சாம்பலும் குழம்பும் நேற்றைக்கும் விழுந்தவை, மண் இளசு. சாந்தோரினியில் களி மிகக் குறைந்த சாம்பல் மண். அதனால்தான் அங்கே வேர்ப்பேன் பிழைக்கவில்லை, கொடிகள் இன்றும் சொந்த வேரிலேயே நிற்கின்றன. நாசிக்கின் பாறைக்கு வயது 6.6 கோடி, அது சிதைந்து தந்ததோ களி நிறைந்த மண். மூன்றுக்கும் பொதுவாக இருப்பது 'எரிமலை' என்ற சொல் மட்டுமே.

பெங்களூர் பக்கத்து நந்தி மலைத் தோட்டங்களிலிருந்து இது எப்படி வேறுபடும்?

அடியோடு. நந்தி மலைப் பகுதியின் அடிப்பாறை கிரானைட்டும் நைஸும். வயது 250 கோடி ஆண்டு அளவில். அதிலிருந்து வருவது மணல் கலந்த செம்மண். அதன் களி கயோலினைட் வகை, தண்ணீர் பட்டால் உப்பாது, காய்ந்தால் வெடிக்காது, சத்தையும் அதிகம் பிடித்துவைக்காது. வடிகால் இயல்பாகவே உண்டு. நாசிக்கில் சரிவையும் முரூமையும் தேடிப் போய்ப் பெற வேண்டிய குணம் அங்கே செம்மண்ணிலேயே இருக்கிறது. பதிலுக்கு அங்கே உரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுக்க வேண்டியிருக்கும்.

வேர் ஆழமாகப் போனால்தான் நல்ல ஒயின் என்கிறார்களே?

கேட்க அழகாக இருக்கிறது. சொட்டுநீர்ப் பாசனத்தில் வேரின் பெரும்பகுதி குழாயைச் சுற்றி நனையும் மேல்மண்ணிலேயே கூடிக் கிடக்கும். தினம் வாசலில் சாப்பாடு வந்தால் யார் வெளியே போவார்கள்? நீரை இடைவெளி விட்டு, ஆனால் ஆழமாக நனையும்படி கொடுத்தால் கொஞ்சம் இறங்கும். முரூமின் விரிசல்களில் இரண்டு மீட்டர் வரை இறங்கிய கொடி, கோடையில் ஒரு வாரம் மின்சாரம் போய் மோட்டார் ஓடாவிட்டாலும் தாக்குப்பிடிக்கும். ஆழத்தின் பயன் அந்தக் காப்பீடுதான். ஆழத்தில் ரகசியச் சுவை எதுவும் புதைந்து கிடக்கவில்லை.

கிணறு வெட்டும்போது பளபளக்கும் படிகங்கள் வருகின்றனவே, அவை மண்ணுக்கு நல்லதா?

சியோலைட்டுகளும் அவற்றின் கூட்டாளிகளும். பாறையின் வாயு ஓட்டைகளில் பின்னாளில் சுடுநீர் புகுந்து வளர்த்தவை: ஸ்டில்பைட், ஸ்கோலசைட், அப்போஃபில்லைட். நாசிக் வட்டாரப் படிகங்கள் உலக அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. கொடிக்கு அவற்றால் குறிப்பிடும்படி எதுவும் இல்லை. மேசையில் வைத்தால் அழகு.

நிலம் வாங்கும் முன் நாமே மண்ணைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

ஆய்வகத்துக்கு மாற்று இல்லை. ஆனால் ஆய்வகத்துக்குப் போகும் முன்பே நிறையத் தெரிந்துகொள்ளலாம். முதலில் குழி. ஒன்று போதாது, மேட்டில் ஒன்று, நடுச்சரிவில் ஒன்று, அடிவாரத்தில் ஒன்று. ஒன்றரை மீட்டராவது வேண்டும். மேல்மண் எவ்வளவு, முரூம் எங்கே தொடங்குகிறது, கடப்பாரை எங்கே மறுக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஒரு பிடி மண்ணை நனைத்துப் பிசைந்து, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நாடா மாதிரி தள்ளுங்கள். இரண்டு மூன்று சென்டிமீட்டரில் அறுந்து விழுந்தால் நல்லது. ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டியும் அறாமல் தொங்கினால் கனமான களி. பிறகு குழியில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டுக் காத்திருங்கள். மறுநாள் காலையும் தண்ணீர் அப்படியே நின்றால், தரகர் என்ன சொன்னாலும் அந்த இடத்தில் ஒயின் திராட்சை வைக்க நான் யோசிப்பேன்.

குழிச் சுவரில் சாம்பலும் துருவும் திட்டுத் திட்டாகக் கலந்து தெரிந்தால் மழைக்காலத்தில் அங்கே நீர் தேங்குகிறது என்று பொருள். குழி வெட்டியது கோடையாக இருந்தாலும் மண் அதை மறைக்காது.

கரிசல் நிலம் ஏற்கெனவே கையில் இருக்கிறது என்றால் மேட்டுப்பாத்தி போட்டு நடலாம், வடிகால் வாய்க்கால் வெட்டலாம், சாந்தமான வேர்ச்செடியைத் தேர்ந்தெடுக்கலாம். அல்லது பக்கத்து வீட்டுக்காரரைப் போல சாப்பிடும் திராட்சையே வைக்கலாம். நாசிக்கில் விளைவதில் பெரும்பகுதி அதுதானே.

பாறையை நேரில் பார்க்க எங்கே போவது?

நாசிக் நகருக்குத் தெற்கே பாண்டவ லேணி குன்று. சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் பௌத்தத் துறவிகளுக்காகப் பசால்ட்டைக் குடைந்து செய்த 24 குகைகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. சிற்பங்களைப் பார்த்து முடித்த பிறகு சுவரைப் பாருங்கள். கெட்டியான பகுதியில் உளித்தடம் இன்றும் கூர்மையாக இருக்கும், ஓட்டைப் பகுதியில் மழுங்கியிருக்கும். குகைகளின் பக்கத்தில் பாறையிலேயே வெட்டிய தண்ணீர்த் தொட்டிகள் உண்டு. கெட்டிப் பாறையில் வெட்டியதால் மழைநீர் அதில் கசியாமல் நிற்கும். தொட்டி விளிம்பில் நின்று கீழே சரிவைப் பார்த்தால், அதே மழையைக் குடித்துவிட்ட முரூம் மண்ணில் புல் ஏற்கெனவே காய்ந்து மஞ்சளாகியிருக்கும்.